கேள்விக்குப் பின் பத்து விநாடி

மார்ச் 3, செவ்வாய்

காலை ஆறரைக்குப் பழைய கணினியைப் போட்டேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அணைத்து, நூறு எண்ணி, மறுபடி போட்டேன். மூன்று முறை. பிறகு துணி உறையை மாட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதவன் போலச் சமையலறைக்குப் போனேன்.

என் மனைவி எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "டீதானே?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீரை வைத்தேன். கணினி விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன கேட்கப் போகிறாள்? மூளையில் ரத்தம் அடைத்து நாலு மாதம் ஆகிறது. கால் வந்துவிட்டது, வலது கையும் பாதி வந்துவிட்டது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது.

மார்ச் 5, வியாழன்

பேச்சுப் பயிற்சி தரும் பெண் வந்திருந்தாள். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, "இது என்னம்மா?" என்று கேட்டாள்.

"குடை" என்றேன் நான்.

"சார், நான் உங்களக் கேக்கல."

சிரித்து வைத்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. அடுத்த அட்டைக்கும் என் வாய் முந்திக்கொண்டது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதன்பின் எந்த அட்டையையும் பார்க்கவில்லை.

போகும்போது வாசலில் அந்தப் பெண் சொன்னாள்: "முதல் ஆறு மாசத்துலதான் சார் வேகமா வரும். அப்புறமும் வரும், ஆனா ரொம்ப மெதுவா. நீங்க சொல்லிக் குடுக்கறது அவங்களுக்குப் பிடிக்கல போல. வேற பழகின குரல் ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. அவளுடைய குரலே இருக்கிறது. ஆனால் அது அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

எனக்கே தெளிவாவதற்காக எழுதி வைக்கிறேன்.

அவள் இருபத்தாறு வருடம் ஆசிரியை. பேச்சு தாமதமாக வரும் குழந்தைகளுக்கான பள்ளி. அந்தக் குழந்தைகளுக்காக அவளுடைய தம்பி ஒரு பாட நிரல் எழுதிக் கொடுத்தான். திரையில் ஒரு படம் வரும். அவள் குரல் "இது என்ன?" என்று கேட்கும். பிறகு அவளே பெயரைச் சொல்லுவாள். இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள். இந்த அறையில்தான் பதிவு செய்தார்கள், ஜன்னலில் போர்வையைக் கட்டி. என்னைப் புத்தகம்கூடப் புரட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒலிக் கோப்புகளை மைத்துனன் தன் சொந்த முறையில் சுருக்கிக் கட்டியிருக்கிறான். அந்த நிரல் தவிர வேறெதிலும் திறக்காது. அந்த நிரலோ அந்தப் பழைய சிஸ்டத்தில்தான் ஓடும். ஒன்றுக்குள் ஒன்று பூட்டு.

மார்ச் 9, திங்கள்

ரிப்பேர் கடைக்காரம்மா திறந்து பார்த்தாள். "டிஸ்க்கு நல்லாருக்கு சார். போர்டுதான் செத்துப்போச்சு. இதுக்கு மாத்து போர்டு எங்கயும் கிடைக்காது. மியூசியத்துல வேணா கேட்டுப் பாருங்க."

டிஸ்கை இரண்டு நகல் எடுக்கச் சொன்னேன். "ரெண்டா?" என்றாள். மூன்று என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

மார்ச் 11, புதன்

புதுக் கணினி வீட்டுக்கு வந்தது. இரண்டாவது நகலை மாட்டினேன். பழைய சிஸ்டம் எழத் தொடங்கி, பாதியில் நின்றது. 'பூஜ்யத்தால் வகுக்க இயலாது' என்று ஒரு வரி. நான் எதையும் வகுக்கச் சொல்லவில்லையே.

மைத்துனனைத்தான் கேட்க வேண்டும். வேலையில் இருப்பானோ? நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 12, வியாழன்

இரண்டு தடவை எண்ணைப் போட்டு, ஒரு மணி அடித்ததுமே வைத்துவிட்டேன். அவனே கூப்பிட்டான்.

"என்ன அத்தான், போன அடிக்கறீங்க, வைக்கறீங்க. லவ் லெட்டர் குடுக்க வந்த பையனாட்டம்?"

சொன்னேன். கேலியை நிறுத்திவிட்டான். அக்காவின் குரல் என்றதும் அவனுக்கும் ஏதோ செய்திருக்க வேண்டும்.

"அந்த சிஸ்டம் எழுந்ததும் முதல் வேலையா ப்ராசஸர் என்ன வேகம்னு பாக்கும் அத்தான். ஒரு வேலையக் குடுத்துட்டு, முடிக்க எவ்வளவு நேரமாச்சுன்னு கணக்குப் போடும். புது ப்ராசஸர் கடிகாரம் ஒரு தடவ துடிக்கறதுக்குள்ள முடிச்சிடுது. ஆன நேரம் பூஜ்யம். அதால வகுக்கப் போயி மண்ணக் கவ்வுது."

"அப்படின்னா வேகமா செஞ்சதுதான் தப்பா?"

"கேக்கறவன் கணக்குல அது தப்புதான்."

அளக்கும் அந்தப் பகுதிக்கு மாற்றாக ஒரு சின்னக் கோப்பு அனுப்புவானாம். மெமரியையும் குறைத்துக் காட்ட வேண்டுமாம். "இவ்வளவு பெரிய மெமரியப் பாத்தா அதுக்குத் தலை சுத்தும். ஒரு ரூம்ல உக்கார வச்சு, இதான் மொத்த வீடேன்னு சொல்லிடணும்." வைக்கும்போது, "ஃபேன் சுவிட்ச் போடவே நாலு தடவ யோசிக்கற ஆளு நீங்க. பயப்படாம செய்ங்க. ரெண்டு நகல் இருக்குல்ல?" என்றான்.

மூன்றாவது இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 15, ஞாயிறு

எட்டு முறை. எட்டும் கறுப்பு. என்னால் ஆகிற காரியமா இது? அட்டவணை போடத் தெரிந்த நூலகக்காரனுக்கு இது எதற்கு?

மார்ச் 16, திங்கள்

மெமரி அளவை எழுதும் வரியில் ஒரு சைபர் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். எட்டு முறையும் அதே சைபர். கிழட்டுக் கண்.

மார்ச் 17, செவ்வாய்

எழுந்துவிட்டது.

பழைய நீலத் திரை, மூலையில் மைத்துனன் வரைந்த பென்சில் பொம்மை. அவளை மெல்ல அழைத்து வந்து உட்கார வைத்து, பாடத்தை ஓடவிட்டேன்.

"இது என்ன? பந்து. இது என்ன? பூனை. இது என்ன? சாவி—"

அவள் குரல். தெளிவான, இளமையான, வகுப்பறைக் குரல். ஆனால் மூச்சு விடாமல் ஓடியது. படங்கள் ரயில் ஜன்னல் போலப் பறந்தன. எங்கே நிறுத்துவது என்று தேடுவதற்குள் முப்பது சொற்கள் போய்விட்டன. அவள் இடது உள்ளங்கையை எடுத்து ஒலிபெருக்கியின் மேல் வைத்து அழுத்தினாள்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். ஒரு குழந்தையைக் கேட்கும்போது இன்னொரு கெட்டிக்காரக் குழந்தை முந்திக்கொண்டு சொன்னால், அதன் வாயை அப்படித்தான் மெதுவாகப் பொத்துவாள்.

"பிடிக்கலையா? பிடிக்கலன்னா நிறுத்திடறேன். சரி, நிறுத்திட்டேன். டீ போடட்டுமா? இரு, போட்டுக் கொண்டு வரேன்" என்றேன்.

அதே கை என் வாய்க்கு வந்தது.

மார்ச் 18, புதன்

மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான், போனிலேயே கேட்டது.

"என் தப்புதான் அத்தான். கேள்விக்கு அப்புறம் ஒரு இடைவெளி உண்டு. கடிகாரத்தப் பாத்துக் காத்திருன்னு எழுதியிருக்கணும். சோம்பேறித்தனம், நாப்பதாயிரம் வரைக்கும் எண்ணுன்னு எழுதிட்டேன். அன்னிக்கு மிஷினுக்கு அது சரியா பத்து செகண்டு. உங்க புதுசு கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள எண்ணி முடிச்சிடும்."

"பத்து விநாடியா? அவ்வளவு நேரமா?"

"நானும் அதையேதான் கேட்டேன். அஞ்சு போதாதாக்கான்னேன். 'உனக்குப் போதும்டா. அவங்களுக்கு?'ன்னா."

அந்த எண் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று சொன்னான். இரண்டு முறை திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

இரவு படுத்தபடி மனத்துக்குள் பத்து எண்ணிப் பார்த்தேன். மிக நீளம். நான் யாருக்கும் இவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. கூச்ச சுபாவம் என்கிறார்கள். எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் எனக்குப் பதறுகிறது. என்ன நினைத்துவிட்டாரோ என்று நானே பேசி நிரப்பிவிடுகிறேன்.

மார்ச் 20, வெள்ளி

எண்ண வேண்டியதை நாலு லட்சமாக்கினேன்: இடைவெளி ஒன்றும் தெரியவில்லை. நாலு கோடி: ஏழு விநாடி. ஐந்து கோடியே எழுபது லட்சம்: கைக்கடிகாரத்தில் பத்து. மூன்று முறை சரிபார்த்தேன்.

மார்ச் 21, சனி

"இது என்ன?" என்றது அவள் குரல். திரையில் பந்து. மௌனம்.

நான் என் வாயை நானே பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலாவது விநாடியில் 'ப' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன். பத்து முடிந்தது. "பந்து" என்றது குரல். அடுத்தது பூனை. அதற்கும் இல்லை. ஆனால் அவள் முகத்தைத் திருப்பவில்லை. உதடுகள் எதையோ தேடிக்கொண்டிருந்தன.

பதினோராவது படம் சீப்பு. ஆறு. ஏழு. எட்டு.

"ச்… சீப்பு."

கரகரவென்று, பாதிக் காற்றாக. அதன் பிறகு அந்த இளம் குரல், "சீப்பு. சரியாச் சொன்னே" என்றது. சில சொற்களுக்குப் பதிவிலேயே அது உண்டு, யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும். ஆனாலும் அவள் என்னைப் பார்த்து, என் குரலே என்னை மெச்சுகிறது பார் என்பதுபோல், ஒரு புருவத்தைத் தூக்கினாள்.

கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

பதினேழு சொற்கள். இன்று பயிற்சிப் பெண் எதிரில் 'குடை'. நான் வாயைத் திறக்கவில்லை. "சார் தேறிட்டாரு" என்றாள் அந்தப் பெண்.

ஏப்ரல் 10, வெள்ளி

மூன்றாவது நகலும் எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 18, சனி

காலையில் தண்ணீரை வைக்கப் போனவன் நின்றேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் எதிரில் வந்து உட்கார்ந்தேன்.

"டீயா, காபியா?"

எண்ணத் தொடங்கினேன். மூன்றில் அவள் என்னைப் பார்த்தாள். ஐந்தில் ஜன்னலைப் பார்த்தாள். எட்டில் உதடு பிரிந்தது.

"காபி."

நாற்பத்தொரு வருடமாக அவளுக்குக் காலையில் டீ போட்டுத் தருகிறேன். ஒரு நாள்கூட மீதி வைத்ததில்லை.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன். அதற்கும் எண்ணினேன். இந்த முறை ஆறுதான் ஆனது.

"எப்பவுமே."

வீட்டில் காபித்தூள் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறேன்.