கோவைக் கொடிக்கு ஊற்றிய தண்ணீர்

1956 ஜனவரி 3, செவ்வாய்

நல்ல வெயில். புயலுக்குப் பிறகு இன்றுதான் கொல்லையில் கால் புதையாமல் நடக்க முடிந்தது. கணக்கெடுப்பு:

முருங்கை: வேரோடு சாய்ந்தது, அடுப்புக்குப் போயிற்று.
அகத்தி: இடுப்பளவில் முறிவு. பட்டை பச்சையாக இருக்கிறது.
கறிவேப்பிலை: மொட்டைக் குச்சி.
சுண்டை: உயிர் இருக்கிறது என்கிறேன் நான். இல்லை என்கிறாள் கனகம்.
கோவை: பந்தல் பறந்துபோய் அடுத்த வீட்டு ஓட்டின்மேல். ஆனால் வேரடியில் நான்கு துளிர்!

கனகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாவுக் கையோடு வந்து பார்த்தாள். "துளுத்திருக்கு" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வாயிலிருந்து இதற்குமேல் பாராட்டு வந்ததில்லை.

புயலடித்த ராத்திரி கடல் பின்சுவர் ஏறி வந்து கொல்லை முழுக்கப் படுத்துவிட்டுப் போனது. கிணற்றை ஆள் வைத்து அடிவரை இறைத்தாயிற்று. இப்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி. குடிக்கச் சமைக்க எப்போதும் கோயில் கிணறுதான். இது துணிக்கும் செடிக்கும்.

ஜனவரி 5, வியாழன்

விழிதியூரிலிருந்து மச்சான் வந்தார். கனகத்தின் அண்ணன். அரை மூட்டை அரிசி, ஒரு தார் வாழைக்காய், வண்டி கொள்ளாத புத்திமதி.

"எத்தன நாளைக்கு மாப்ளே இங்கயே ஒக்காந்துருப்பீங்க? பிரெஞ்சுக்காரன் போயி, சுங்கச் சாவடிய மூடி ஒரு வருஷம் ஆச்சு. எல்லையே இல்லைங்கறப்ப எந்தச் சாவடிக்கு ஒங்களக் கூப்புடப் போறாங்க? எங்க வூட்டுல வடக்கு அறை சும்மாதான் கெடக்கு. வாங்க."

கோவை துளிர்த்திருக்கிறது என்றேன். எனக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று பார்த்தார். அவருக்கு எப்படிச் சொல்வது? பிரெஞ்சுக்காரன் காலத்தில் சம்பளம் வந்தது, கொல்லையை நான் ஏறிட்டும் பார்த்ததில்லை. சாவடி மூடிய நாளிலிருந்து குழம்பும் கூட்டும் இந்தக் கொல்லைதான் போட்டது. ஒரு தரம் ஊன்றினால் பல வருஷம் காய்க்கிற செடி நாலு நின்றால், ஒரு மனிதன் மச்சான் வீட்டு இலையில் உட்கார வேண்டியதில்லை.

கடைசியில் கனகம் தீர்ப்பு சொன்னாள்: "மாசி பொறக்கட்டும்ணே. கோவ பந்தல் ஏறிட்டா இருக்கோம். இல்லாட்டி வந்துடுறோம்."

ஒப்புக்கொண்டேன். ஏறாமல் எங்கே போகும்.

ஜனவரி 9, திங்கள்

மூங்கில், பழைய கயிறு, பந்தல் முடிந்தது. கொஞ்சம் கோணல். காலையும் மாலையும் தண்ணீர். துளிர் இரண்டு சாண். ஒன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டது. அதன் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றேன். வேறு வேலை என்ன இருக்கிறது.

க. புகார்: சோப்பு நுரைக்கவில்லை. பாய் கடைச் சரக்கு மட்டம். முன்பு நம்பிக்கையான கடை. இப்போது யாரை நம்புவது.

ஜனவரி 14, சனி

பொங்கல். மச்சான் அரிசி, மச்சான் வெல்லம். கரும்பும் மச்சான். தொண்டையில் இறங்கவில்லை, இரண்டாம் தரம் வாங்கியும் சாப்பிட்டேன்.

க.: "குளிச்சா ஒடம்பு பிசுபிசுங்குதுங்க."

எண்ணெய் அதிகம் தேய்க்கிறாய் என்றேன். நானும்தான் குளிக்கிறேன், குளத்தில். எனக்கு ஒன்றும் இல்லையே.

கோவை என் மார்பளவு. அகத்தியிலும் துளிர்.

ஜனவரி 18, புதன்

கோவை இலை ஓரம் கருகுகிறது. வெயில்தான். தை மாதத்தில் இப்படி ஒரு வெயில். இனி நடுப்பகலிலும் ஒரு குடம். பூச்சியாக இருந்தால் என்ன செய்வது என்று சாம்பலும் தூவினேன்.

மூட்டைத் துணியோடு க. குளத்துக்குக் கிளம்பினாள். முழங்கால் வலிக்காரி. கிணறு கொல்லையிலேயே இருக்க இது என்ன கூத்து என்றால், "காத்து வாங்கப் போறேன்" என்கிறாள்.

ஜனவரி 23, திங்கள்

கறிவேப்பிலைக் கொழுந்து உதிர்ந்தது. அகத்தித் துளிர் தொங்குகிறது. கோவையில் நுனி கருப்பு. இன்னும் ஊற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

க. கொல்லைப் படியில் உட்கார்ந்து நான் இறைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும் வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சோப்புப் புகார்கூட நின்றுவிட்டது.

மண்மேல் வெள்ளைப் பூச்சு. தூவிய சாம்பல் இன்னும் கரையவில்லை.

ஜனவரி 27, வெள்ளி

காலையில் என் சட்டையை நானே துவைத்தேன். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், நுரை இல்லை. தயிர் திரிந்த மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டது. வந்த கோபத்தில் ஈரச் சோப்போடு பாய் கடைக்கே போய்விட்டேன்.

"என்ன பாய், சுண்ணாம்ப அச்சுப் போட்டு விக்கிறீங்களா?"

கடையில் நாலு பேர். பாய் கோபப்படவில்லை. சோப்பை வாங்கினார். பானைத் தண்ணீரில் கை நனைத்துத் தேய்த்தார். மணிக்கட்டு வரை நுரை. கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நல்லா பாத்துக்குங்க. எம்மேல குத்தம் இல்ல. அய்யா வூடு கடலோரம்ல? ஒங்க கெணத்துத் தண்ணிய வாயில வச்சுப் பாத்தீங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாளி இறைத்தேன். ஒரு கை அள்ளிக் குடித்தேன். துப்பினேன். உப்பு. கண்ணாடி மாதிரித் தெளிந்த உப்பு.

மண்மேல் இருந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சாம்பல் இல்லை.

வேரை எழுப்பியது மார்கழி மழை. அது தன் பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தது. மூன்று வேளையும் குடம் குடமாகக் கடலை ஊற்றியது நான். சும்மா இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

ஜனவரி 28, சனி

க.விடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரியுங்க."

"எப்பலேருந்து?"

"பொங்கலுக்கு முன்னாடிலேருந்தே. வாய் கொப்புளிச்சா தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"சோப்பச் சொன்னேன். ஒடம்பச் சொன்னேன். பாயக் கொற சொன்னீங்க, எண்ணெயக் கொற சொன்னீங்க. அப்பறம் விட்டுட்டேன்." முறத்தைக் கீழே வைத்தாள். "செடி செத்துத் தொலையட்டும், அப்பதான் நீங்க இந்த வூட்ட விட்டுக் கெளம்புவீங்கன்னு விட்டுட்டேன். நெதம் கோவக்கா, நெதம் கீர. யாரோ கூப்புடுவாங்க கூப்புடுவாங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு நீங்க. என்னால முடியலங்க."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வெட்கம்தான் வந்தது.

பிப்ரவரி 5, ஞாயிறு

ஒரு வாரம் கோயில் கிணற்றிலிருந்து சுமந்து ஊற்றிப் பார்த்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. இன்று கோவையைத் தோண்டினேன். கிழங்கு சொதசொத. நாற்றம். குழியை மூடவில்லை.

பந்தல் மூங்கிலை அடுத்த வீட்டுக்காரர் கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

பிப்ரவரி 13, திங்கள்

மாசி பிறந்தது. வண்டி வந்தது. அம்மி, பெட்டி இரண்டு, பாய், விளக்கு. க. முன்னால் ஏறி உட்கார்ந்தாள். புயலுக்குப் பிறகு அவள் முகத்தில் இன்றுதான் ஒரு தெளிவு. நான் பின்னால்.

பிப்ரவரி 16, வியாழன், விழிதியூர்

மேகமூட்டம். வடக்கு அறையில் நெல் வாசனை. எல்லோரும் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். நான் இருமினால்கூட "என்ன வேணும்?" என்று கேட்கிறார்கள்.

மச்சான் ஆள் உயர முருங்கைப் போத்து ஒன்று வெட்டிக்கொண்டு வந்தார். மண்வெட்டியையும் கையில் கொடுத்தார்.

"அறைக்குப் பின்னால ஊனுங்க மாப்ளே. இங்க மண்ணுக்கு என்ன கொறச்சல்? ரெண்டு வருஷத்துல பறிச்சு மாளாது."

இரண்டு வருஷம். அதைத் தொட எனக்குக் கை வரவில்லை.

"கீர வெத இருந்தா குடுங்க மச்சான்."

"கீரையா? அது ஒரு மாசத்துல முடிஞ்சிருமே."

"அது போதும்."

க. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள். அவளே குழி வெட்டினாள், அவளே போத்தை ஊன்றி மண்ணை மிதித்தாள். கிணற்றில் ஒரு குடம் இறைத்து வந்தாள். சாய்ப்பதற்கு முன் ஒரு கை ஏந்தி, என்னைப் பார்த்தபடியே குடித்தாள். பிறகுதான் ஊற்றினாள்.