வயித்திலை கை வைச்ச பெட்டை

9.10.81 வெள்ளி. ஆஸ்பத்திரி வாட்டு.

"ஆச்சி, உங்கடை வருத்தம் என்னெண்டு, டொக்டர் சோதினை எடுக்க வாற பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. அவையே கண்டுபிடிக்கவேணும்" எண்டு பெரிய டொக்டர் காலமை சொன்னார். எனக்கு இருதய வருத்தம். நான் வாய் திறக்கேல்லை. ஐஞ்சு பேர் நெஞ்சிலை குழல் வைச்சுக் கேட்டுச் சரியாச் சொல்லிச்சினம்.

ஆறாவதா வந்த பெட்டை என்ரை வயித்தையும் அமத்திப் பாத்தாள். ஒரு இடத்திலை அவளின்ரை கை நிண்டுது. டொக்டரும் அதிலை கை வைச்சார். "கெட்டிக்காரி" எண்டார் அவளுக்கு.

"என்ன பிள்ளை கிடக்கு உதுக்குள்ளை?" எண்டு அவளைக் கேட்டன்.

"ஒண்டுமில்லை ஆச்சி."

மூண்டு கிழமையா என்ரை வயித்தைத் தொட்டும் பாராத மனுசன் அந்தப் பெரிய டொக்டர். அதை நான் மறக்கமாட்டன்.

பின்னேரம் மற்ற ஐஞ்சு பேரும் ஒவ்வொருத்தராத் திரும்பி வந்து, அதே இடத்திலை கை வைச்சுப் பாத்து, "தாங்ஸ் ஆச்சி" எண்டிட்டுப் போச்சினம்.

இப்ப என்ரை கையும் அங்கைதான் கிடக்கு. எனக்கு ஒண்டும் தட்டுப்படேல்லை.