திண்டில் தேங்கிய மை

இன்று காலைத் திருப்பலியில் நற்கருணை வாங்கக் கை நீட்டினேன். ஃபாதர் ஒரு கணம் என் விரல்களையே பார்த்தார். அவற்றில் மை நீலமும் கறுப்புமாக அப்பிக் கிடந்தது. எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. உங்கள் மை அல்லவா, பிடிவாதத்துக்குக் கேட்பானேன்.

உங்கள் முதலாண்டு நினைவுப் பூசைக்கு அட்டை அச்சிட நேற்று முன்தினம் உட்கார்ந்தேன். உங்கள் பிரிண்டர் மறுத்துவிட்டது. கழிவு மைத் திண்டு நிறைந்துவிட்டது என்று கணினித் திரையில் ஓர் அறிவிப்பு. நம் பகுதி ரிச்சர்ட்ஸ் டவுனில் பாதி வீடுகளுக்கு நினைவு அட்டை போட்டுக் கொடுத்த இயந்திரம் உங்கள் அட்டைக்கு மட்டும் படுத்துக்கொண்டது. இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று கடைக்காரர் கன்னடத்தில், கனிவாகத்தான், சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் முகம் வேறோர் இயந்திரத்திலிருந்து வருவதா?

ஒவ்வோர் அட்டைக்கும் முன்னால் நீங்கள் ஹெட் கிளீனிங் கொடுப்பீர்கள். அடைப்பு நீங்க இயந்திரம் தனக்குள் இருக்கும் திண்டில் கொஞ்சம் மையைத் துப்பிக்கொள்ளும். "இந்த வீட்ல பாலை விட மைதான் அதிகமா செலவாகுது" என்று நான் சமையலறையிலிருந்து சொல்வேன். நீங்கள் திரும்பக்கூட மாட்டீர்கள்.

"பைபிளுக்குள்ள வச்சு வருஷக்கணக்கா பாக்கப்போற முகம். அதுல கோடு விழலாமா?"

ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து, பின்பக்கத் திருகைக் கழற்றிச் சின்னப் பெட்டியை உருவினேன். உள்ளே பஞ்சுத் திண்டுகள் கன்னங்கரேலென்று ஊறிக் கனத்தன. குழாயடியில் பிழிந்தேன். முதலில் கறுப்பு, பிறகு நீலம், பிறகு ரோஜா நிறம், கடைசியில் மஞ்சள். ஓடிக்கொண்டே இருந்தது. பிழிவதை விட்டுவிட்டு அந்த நிறங்களையே பார்த்தேன். நீங்கள் அட்டை போட்டுக் கொடுத்த எதிர்வீட்டு ஆன்ட்டி, பாடகர் குழுவின் ஆர்மோனியக்காரர், முதல் நற்கருணை வாங்குமுன் இறந்துபோன அந்தப் பெண் குழந்தை. அவர்கள் முகத்தில் ஒரு கோடும் விழாதிருக்க, காகிதத்தையே தொடாமல் செலவான மை அத்தனையும் அங்கே இருந்தது. வீண் என்று நான் சொன்னதெல்லாம் இதைத்தானா? இவ்வளவு அக்கறையை நீங்கள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

திண்டை மொட்டை மாடியில் காயவைத்துத் திரும்பப் பொருத்தினேன். நிறைந்துவிட்டது என்ற கணக்கை இயந்திரம் மறக்க, ஒரு சின்ன மென்பொருளை ஓட்ட வேண்டியிருந்தது. விளக்கு பச்சையானதும் என் கை முதலில் கிளீனிங்கைத்தான் அழுத்தியது. அப்புறம் நீங்கள் வந்தீர்கள், அந்தக் கோணல் சிரிப்போடு, ஒரு கோடும் இல்லாமல். அழுதேன்.

இன்று பூசை முடிந்து வெளியே வந்தபோது, பக்கத்துத் தெரு ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். போன மாதம் அவள் அண்ணன் போய்விட்டார்.

"ஆன்ட்டி, அங்கிள் போட்டுத் தர்ற மாதிரி ஒரு கார்டு. நீங்க போடுவீங்களா?"

போடுகிறேன் என்றேன். கழுவிய திண்டில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அதில் முதலில் விழுந்த மை உங்களுக்காகச் சிந்தியது.