ஒரு வீட்டுக்கு ஒருவர்

மார்ச் 2
அறை 611

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பாதி வழிதான் வந்திருக்கிறேன். இந்தத் தொற்றுக் காலத்தில் உன் நாட்டுக்கு நேராக விமானம் இல்லையாம். இந்த மூன்றாவது நாட்டில், இந்த ஓட்டலில், பதினான்கு நாள் அடைந்து கிடந்தால்தான் உன்னிடம் அனுப்புவார்களாம். வந்த அன்றே போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. சாப்பாடு வைப்பவர் புண்ணியவான். என் முகம்கூடப் பார்க்காமல், நான் கதவடியில் வைக்கும் தாளைப் படம் பிடித்து, அதில் எழுதியுள்ள உன் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறார். நீ எழுதினால் அச்சடித்துத் தட்டோடு வைப்பார்.

பாஸ்போர்ட்டை வாங்கி, அறை எண் போட்ட உறைக்குள் வைத்துக்கொண்டார்கள். இங்கே யாருக்கும் பேர் கிடையாது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து, "611, மூக்கைக் காட்டுங்க. 611, உள்ளே போங்க" என்கிறார்கள். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று ஊரையே உள்ளே போகச் சொன்னவள் நான். எனக்கு நன்றாக வேண்டும்.

உன் கல்யாணத்தைப் போனில் பார்த்த மாமியார் நான். பேரப்பிள்ளையையாவது நேரில் பார்த்துவிட வேண்டும். நான் வரும்வரை வயிற்றுக்குள்ளேயே இருக்கச் சொல்.

உன் அத்தை

மார்ச் 5

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் வந்தது. உங்கள் கையெழுத்தை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன், டிக்கெட் கிழித்த மாதிரி சாய்ந்து சாய்ந்து ஓடுகிறது! உங்கள் பிள்ளையின் கப்பலில் யாரையும் எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடவில்லையாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் பேச முடிகிறது.

பிரசவம் 24ஆம் தேதி என்கிறார் டாக்டர். அத்தை, பகலெல்லாம் சமாளித்துவிடுகிறேன். தனியாக வலி வந்தால் என்ன செய்வேன் என்பதுதான் பயம். இங்கே ஒரு வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவருக்குத்தான் அனுமதி. உங்கள் பேரில் வாங்கிவிட்டேன். வந்ததும் பத்து நாள் தனி அறையில் இருக்க வேண்டும், பரவாயில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருந்தால் போதும்.

மருமகள்

மார்ச் 15
அறை 612

அன்பு மருமகளுக்கு,

மேலே எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைக்காதே. இன்று ஒரு ராத்திரிக்கு இடம் மாறியிருக்கிறேன்.

பக்கத்து அறைக்காரி 8ஆம் தேதி வந்தவள். அவளும் மகளுடைய பிரசவத்துக்குத்தான் போகிறாள். இரண்டு குளியலறைக்கும் பொதுவாக ஒரு காற்றுத் துளை. அது வழியாகப் பேசிப் பேசித்தான் பொழுது போனது. என் வாய் உனக்குத் தெரியுமே. உன்னைப் பற்றி, கப்பல்காரனின் சின்ன வயசுக் கூத்து, எல்லாம் கொட்டிவிட்டேன். இரண்டு நாளாக அவள் பக்கம் பேச்சே இல்லை. இன்று மதியம், "அக்கா, இந்த ரூம்ல ஜன்னலே இல்ல. நாளைக்கு நீங்க போயிடுவீங்க. ஒரே ஒரு ராத்திரி வானத்தைப் பார்த்துக்கட்டுமா?" என்றாள். பாவமாக இருந்தது. சாப்பாடு வைக்கும்போது இரண்டு கதவும் திறக்குமே, வைத்தவர் திரும்பிய நொடியில் மாறிக்கொண்டோம். பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுகிறாள். என் இருமல். மூன்று தடவை, நடுவில் ஒரு செருமல். உன் அத்தை அங்கேயும் இருக்கிறாளோ என்று எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

அத்தை

மார்ச் 16
அறை 612

மருமகளே,

போய்விட்டாள்! விடியுமுன் 611இன் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மதியம்தான் விமானம் என்றிருந்தார்களே! என் உறை, என் பாஸ்போர்ட், என் பெட்டி, என் டிக்கெட். பாஸ்போர்ட்டில் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய படம், முகத்தில் முகமூடி, அதற்கு மேலே கண்ணாடித் தடுப்பு. யார் உற்றுப் பார்த்தார்கள்?

கதவைத் தட்டிக் கத்தினேன். வெள்ளை உடுப்பு வந்தது. "நான் 611ங்க" என்றேன். "ஒரு வாரம் ஆனா எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்வாங்க. 612, உள்ளே போங்க." சாயந்திரம் ஒரு தூக்க மாத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். மருமகளே, அவள் அங்கே வந்தால் கதவைத் திறக்காதே.

அத்தை

மார்ச் 17

அத்தைக்கு,

யாருக்கு எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. நீங்கள் நேற்று இரவே வந்துவிட்டீர்கள். அந்த இரண்டு கடிதமும் இன்று காலைதான் சேர்ந்து வந்தன.

விமான நிலைய வண்டியே வாசலில் இறக்கிவிட்டது. முகமூடியோடு தூரத்தில் நின்றபடியே, "வயிறு இறங்கிப்போச்சேம்மா" என்று சொல்லி நேராக அறைக்குள் போனவரை அத்தை இல்லை என்று எப்படி நினைப்பேன்? கப்பல்காரன் ஏழு வயதில் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்கி டெப்போவரை போன கதையைக் கதவு வழியாகச் சொன்னார். நடுநடுவே உங்கள் இருமல் வேறு, குரல் மாறியிருந்ததைப் பயணக் களைப்பு என்றே நினைத்தேன். இருவரும் சிரித்தோம்.

கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் கதவருகே போய் நின்றேன். மூச்சுகூட விடவில்லை. உள்ளேயிருந்து மெதுவாக, "லெட்டர் ஏதாச்சும் வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். போலீசைக் கூப்பிடட்டுமா? கூப்பிட்டால் வீட்டையே முடக்கி, என்னைத் தனியாகக் கொண்டுபோய் வைப்பார்கள். பிறந்தால் குழந்தையையும் பிரித்துவிடுவார்கள். என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுதுங்கள்.

மருமகள்

மார்ச் 20

அத்தை,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. நேற்று மாலை வலி வந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். நான் தரையில் கிடந்தேன். அந்தக் கதவு தானாகத் திறந்தது. முகமூடி இல்லை. உங்கள் முகமும் இல்லை.

"நான் உன் அத்தை இல்லம்மா. அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இப்ப என் கையைப் பிடிச்சுக்க" என்றார்.

ஆண் குழந்தை. அவர் கையில்தான் பிறந்தது. இரவெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு அவர் தூங்கவே இல்லை. குழந்தையை "என் மகள் பிள்ளை" என்கிறார், நான் திருத்தவில்லை. என்னை வேறு ஏதோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். நேற்றிலிருந்து நானும் "என்னம்மா" என்று கேட்கத் தொடங்கிவிட்டேன்.

என்னை மன்னியுங்கள். புகார் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இங்கே பதிவேட்டில் என் அத்தை வந்து சேர்ந்துவிட்டார். இன்னொருவருக்கு அனுமதி கிடையாது. நீங்கள் எழுதிய கடிதங்களைப் பார்த்தாலே அவர் அழுகிறார். கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாமே.

மார்ச் 22
அறை 612

மருமகளே,

வயிறு எரிகிறது. பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம் பேரன் பிறந்த செய்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவனுக்கு என் ஆசீர்வாதம்.

அவளுடைய பெட்டியைக் கிளறினேன். நான் யாரென்று நிரூபிக்க ஏதாவது கிடைக்குமா என்றுதான். சாப்பாட்டுத் தட்டோடு வந்த ஒரு தாள் கிடைத்தது, அவள் மருமகன் எழுதியது. 13ஆம் தேதி அவள் மகள் பிரசவத்தில் போய்விட்டாள். கூட யாரும் இல்லை. குழந்தை மட்டும் பிழைத்தது, பெண். "அத்தை, எனக்கு அவளைத் தூக்கக்கூடத் தெரியல. நீங்க வர்ற வரைக்கும் எப்படியாவது பார்த்துக்கறேன்" என்று எழுதியிருக்கிறான்.

மகள் இல்லாத அந்த வாசலில் போய் நிற்க அவளுக்குத் தெம்பில்லை. பாவி, என் வாசலுக்குப் போய்விட்டாள்.

இன்று 612க்குப் பதினான்கு நாள் முடிந்தது. சற்றுமுன் வெள்ளை உடுப்பு உறையோடு வந்தது. அவள் பேரைப் படித்து, "நீங்கதானே?" என்று கேட்டது. இந்த ஒரு தடவை எண் இல்லாமல் பேர்.

நான் "ஆமாங்க" என்றேன்.

முகமூடி, கண்ணாடித் தடுப்பு எல்லாம் கொடுத்துவிட்டார்கள். கப்பல்காரன் அம்மா எங்கே என்று கேட்டால் நீயே ஏதாவது சொல்லிக்கொள். அவள் மருமகன் வீட்டில் ஒரு பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருக்கும், நான் கிளம்புகிறேன். இதற்குப் பதில் போடாதே, நாளை இந்த அறையில் வேறு யாரோ இருப்பார்கள்.

அத்தை