மணியா, மாலாவா

22-7-91 திங்கள்
புழுக்கம். மேகம் மூடியது, மழை இல்லை. கடையில் தகர ஷீட் லோடு இறக்கி முதுகு வலி.

வடக்குப்பட்டு அம்மன் திருவிழாக் கச்சேரி இந்த வருடம் என் பொறுப்பு. வெளியூர்க்காரன் கையில் இதுவரை கொடுத்ததில்லை. சைக்கிளில் ஆணி விற்று வந்தவன் நான். சொதப்பினால் ஆயுசுக்கும் 'தெக்கத்தியான்'தான்.

புரோக்கர் ஏகாம்பரம் நோட்டீஸ் அடித்துக் கொண்டுவந்தான். பெரிய எழுத்தில் வசந்தமணி. அம்மன் பாட்டு கேசட்டில் ஊரே கேட்கிற குரல். போட்டோவில் பாதி முகத்துக்கு மைக். வேறு போட்டோ கேட்டேன்.

"அந்தம்மா அப்டித்தான் பாடும் அண்ணாச்சி. மைக்க வுட்டு நவுராது."

அவ்வளவு பெரிய பாடகி ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டாளாம். இடிக்கிறது.

24 புதன்
சீரியல் பல்பு, கொடிக்கயிறு, தார்ப்பாய் – சொல்லியாயிற்று.

டீக்கடையில் மண்ணூர் ஆள் ஒருவன்: "போன வருசம் எங்கூர்லயும் வசந்தமணின்னுதான் நோட்டீசு. வந்தது வசந்தமாலா. பாட்டு மட்டும் மணியோடது." பக்கத்தில் சிரிப்பு. என்னைப் பார்த்தா?

ஏகாம்பரம் இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை.

26 வெள்ளி
சேரப்பணஞ்சேரியில் இன்று அதே கோஷ்டியின் கச்சேரி என்று கேள்வி. கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டுப் போனேன். மேடைக்குப் பின்னால் வேனில் ஓர் அம்மாள், மிளகு போட்ட வெந்நீருடன். நேராகவே கேட்டேன்.

"நான் மாலாதாங்க. மணின்னு எங்கயும் சொன்னதில்ல. நோட்டீசு அடிக்கிறது நீங்க. எனக்குன்னு நாலு பாட்டு கீது. எடுத்தா போதும், மணி பாட்டப் போடுன்னு கூச்சல்."

பொய்யில்லாத பேச்சு. எரிச்சலோடு போனேன், கோபப்பட முடியவில்லை.

திரும்பும் வழியில் விழாக் கமிட்டித் தலைவர் முனுசாமியிடம் சொன்னேன். அசையவே இல்லை.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அண்ணாச்சி. நம்மூருக்கு மணி வருமா? பேரப் போட்டாத்தான் கூட்டம்."

அப்படியானால் நோட்டீசின் அடியில் என் பெயர் மட்டும் ஏன் என்று கேட்டேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். வெளியூர்க் கூட்டம் கல்லெடுத்தால் கைகாட்ட ஓர் ஆள். பொறுப்பு கொடுத்த அழகு இதுதான்.

29 திங்கள்
நேற்றுக் கூழ் வார்த்து முடிந்தது. நல்ல கூட்டம், லாரி பிடித்தும் வந்திருந்தார்கள். கச்சேரி தொடங்குமுன் மைக்கை வாங்கினேன். முனுசாமி சட்டையைப் பிடித்து இழுத்தார். உதறினேன்.

"பாடப்போவது வசந்தமணி இல்லை, வசந்தமாலா. நோட்டீஸ் தப்பு. பிடிக்காதவங்க போகலாம்."

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "யாரா இருந்தா இன்னா? பாடச் சொல்லுய்யா! தூறல் வலுத்துக்கினே கீது!"

சிரிப்பு. லாரிக்காரர்கள் சிலர் திட்டிக்கொண்டே கிளம்பினார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். மாலா முதலில் தன் பாட்டையே எடுத்தாள். கூச்சல் இல்லை. ஒன்ஸ்மோர் கேட்டார்கள்.

30 செவ்வாய்
காலையில் முனுசாமி கடைக்கே வந்தார். "அடுத்த வருசமும் நீயே பாத்துக்கோ." திடீரென்று 'நீ'. உரிமையா, கோபமா, தெரியவில்லை. சரி என்றேன்.

அவர் தலை மறைந்ததும் ஏகாம்பரம். வெட்கமே இல்லை.

"மாலாவுக்கு இப்ப செம கிராக்கி அண்ணாச்சி. நாலு ஊர்ல கேட்டுக்கினு கீறாங்க. அடுத்த ஆடிக்கு நமக்கு வராது."

"அதுக்கு?"

"படப்பைல ஒரு பொண்ணு கீது. வசந்தகலா. அச்சு அசல் மாலா மாரியே பாடும்."