இரண்டாவது மைல்

2006 நவம்பர் 6, திங்கள்

பனி. எட்டு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. சானமாவில் யானைகள் இறங்கியதால் வனத்துறையினர் சாலையை மறித்திருந்தனர். ராயக்கோட்டைப் பக்கமிருந்து வரும் ஆலைப் பேருந்து நாற்பது நிமிடம் தாமதம். முதல் ஷிப்டு அரைகுறை.

இன்று: தங்கவேலுக்குக் குற்றப்பத்திரிகை, ஆங்கிலத்தில். அதன் தமிழாக்கம். ரத்த அழுத்த மாத்திரை (தீர்ந்துவிட்டது). மாதேஷைப் பார்க்க மருத்துவமனை. கடைசி இரண்டும் நடக்கவில்லை.

பத்து மணிக்கு ஜி.எம். அழைத்தார். வியாழக்கிழமை, தகடு அழுத்தும் நான்காம் எண் பிரஸ்ஸில் மாதேஷின் வலக்கை விரல்கள் நான்கு போயின. ஷிப்டு சூப்பர்வைசர் தங்கவேலின் அலட்சியமே காரணம் என்று முடிவாகிவிட்டது. விசாரணை வெள்ளிக்கிழமை. இந்த வரிசையில்தான்.

"நீங்க எழுதினாத்தான் சார் அது லெட்டர். ஸ்வல்ப கம்பீரமா இருக்கட்டும். அந்த பைபிள் இங்கிலீஷ் போடுங்க, போன தடவை போட்டீங்களே."

பன்னிரண்டு மணிக்குள் எழுதிக் கொடுத்தேன். 'ஃபவுண்ட் வான்டிங்' என்று ஒரு சொற்றொடர்: தராசில் நிறுத்துப் பார்த்தபோது குறைவாகக் காணப்பட்டவர். ஜி.எம். அதை இருமுறை வாய்விட்டுப் படித்தார். நல்ல காபி வரவழைத்தார்.

தங்கவேலுக்குப் பதிலளிக்க நாற்பத்தெட்டு மணி நேரம்.

நவம்பர் 7, செவ்வாய்

பனி விலகப் பத்து மணி. மாத்திரை வாங்கினேன்.

மருத்துவமனை. மாதேஷுக்கு வயது இருபத்தொன்பது, ஊர் பேரிகை. கட்டுப் போட்ட கை, தலையணை மேல், வேறு யாருடைய பொருளோ போல. பக்கத்தில் மனைவி. ஜி.எம். அனுப்பிய பூங்கொத்து, அதில் ஒரு அட்டை. மாதேஷ் 'சால்ட் ஆஃப் தி எர்த்' என்று அச்சிட்டிருந்தது. பூமியின் உப்பு. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருவரின் ஓய்வு விழாவுக்கு நான் எழுதிய உரையிலிருந்து ஜி.எம். அலுவலகம் எடுத்தாண்டிருக்கிறது.

"நர்ஸம்மா படிச்சுச் சொன்னாங்க சார். நானு உப்பாம்," என்றான் மாதேஷ். "வெரலு போன எடத்துல உப்பு வெச்சா எரியுமேங்க."

சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. கேழ்வரகு அறுப்புக்கு நிற்கிறதாம். யானை வருமுன் அறுத்தாக வேண்டும். அவனிடம் தெலுங்கில் ஏதோ கேட்டாள். அரிவாளை எந்தக் கையில் பிடிப்பாய் என்று கேட்கிறாள் என அவனே எனக்கு மொழிபெயர்த்தான்.

கிளம்பும்போது சொன்னான்: "தங்கவேலண்ணன் மேல தப்பில்லீங்க சார். அவரு ரப்பர் போடலீன்னா அடுத்த ஷிப்டுக்காரரு போட்டிருப்பாரு."

ரப்பர் பற்றி எழுதி வைக்கிறேன். வேறு எந்தக் காகிதத்திலும் அது இல்லை.

பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள். இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரு கைகளும் பொத்தானில் இருக்கும்வரை உள்ளே எந்தக் கையும் இருக்க முடியாது. பாதுகாப்பு அவ்வளவுதான். ஆனால் வேகம் குறையும். ஆகவே சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, வலப் பொத்தானை அழுத்திய நிலையிலேயே கட்டிவிடுவது. இடக்கை அழுத்தும்; வலக்கை தகட்டை உள்ளே வைக்கும், எடுக்கும். இதன் பெயர் ரப்பர் போடுவது. வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு வந்தால் எல்லா ரப்பரும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் டின் திறக்கும். வாட்ச்மேன் முதல் ஜி.எம். வரை அறிவோம்.

நவம்பர் 8, புதன்

தூறல். அலுவலகத்தில் தொலைபேசி வேலை செய்யவில்லை, நிம்மதி.

மாலை ஆறு மணிக்குத் தங்கவேல் வீட்டுக்கு வந்தார். மத்திகிரியில் வாடகைக்கு இருப்பவர், அருப்புக்கோட்டைப் பக்கம். சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வந்திருந்தார். குற்றப்பத்திரிகையை நான்காக மடித்துப் பையில் வைத்திருந்தார். விசாரணையில் தம் தரப்புச் சாட்சியாக நான் வர வேண்டுமாம்.

"ஒரே ஒரு வார்த்தை சார். செப்டம்பர்ல நோட்டீஸ் போர்டுக்குன்னு அந்த லெட்டர எழுதச் சொன்னப்ப ஜி.எம். உங்ககிட்ட என்ன சொன்னாருன்னு மட்டும் சொல்லுங்க. வேலை போனா ஓசூர்ல எந்தக் கம்பெனியும் என்னைய வாசல்ல விட மாட்டான். வெரலை எடுத்தவன்னு பேராயிரும்."

விசாரணை ஆங்கிலத்தில் நடக்கும், பதிவும் ஆங்கிலத்தில், நான்தான் மொழிபெயர்ப்பாளன், மொழிபெயர்ப்பாளன் சாட்சியாக முடியாது என்றேன். இது விதி. பொய்யில்லை. விதியைச் சொல்லும்போது என் குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதையும் கவனித்தேன்.

"சரிங்க சார்." கேட்டருகே நின்று திரும்பினார். "ஆனா லெட்டர் நல்லா இருந்துச்சு சார். போர்டுல ஒட்டுனப்ப பயலுக கை தட்டுனாய்ங்க."

உள்ளே வந்ததும் மனைவி கேட்டாள்: "அந்த மனுசனுக்கு ஒரு காப்பிகூடக் குடுக்காம அனுப்பிட்டீங்களா?"

நவம்பர் 9, வியாழன்

மழை. விடுப்பு எடுத்தேன். காரணம்: காய்ச்சல். காய்ச்சல் இல்லை.

செப்டம்பரில் நடந்தது, சொல் பிசகாமல்: ஜி.எம். சொன்னார், "ஆர்டர் டபுள் ஆயிடுச்சு. ரப்பர் கிப்பர்னு பேப்பர்ல எதுவும் வேண்டாம். ஆனா ஆளுங்களுக்குப் புரியணும்." நான் பத்து நிமிடம் யோசித்தேன். 'கோ தி எக்ஸ்ட்ரா மைல்' என்று எழுதினேன். கூடுதலாக ஒரு மைல் நடப்போம் என்று தமிழும் நானே. அவர் கேட்டது ஒரு மூடுதுணி. பட்டில் நெய்து கொடுத்தவன் நான்.

திருச்சியில் நான் படித்தது கிறிஸ்தவக் கல்லூரி. இந்து மாணவர்களுக்கு பைபிள் வகுப்பிலிருந்து விலக்கு உண்டு. ஆங்கிலப் பரிசுக்காக நான் மட்டும் விரும்பிப் போய் உட்கார்ந்தேன். இந்த மொழியின் எலும்புக்குள் அந்தப் புத்தகம் இருக்கிறது, படிக்காதவன் வாயிலும் அது பேசும் என்றார் பேராசிரியர். கணக்குப் பிரிவில் ஒருவர் மயிரிழையில் தப்பியதை 'ஸ்கின் ஆஃப் மை டீத்' என்பார். யோபுவின் புலம்பல் அது, அவருக்குத் தெரியாது. ஜி.எம். நிர்வாகத்தை 'பவர்ஸ் தட் பி' என்பார். பவுல் எழுதியது, அவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். பரிசு வாங்கினேன். அந்தப் பரிசை வைத்துப் பத்தொன்பது ஆண்டுகளாக, மூன்று ஜி.எம்.களுக்குக் கடிதம் எழுதிப் பிழைக்கிறேன்.

ஆக, தெரிந்தவன் எழுதட்டும்.

மைல்: ரோமச் சிப்பாய் தன் மூட்டையை வழியில் போகிற எவன் தலையிலும் ஏற்றி ஒரு மைல் சுமக்க வைக்கலாம். சட்டம். இரண்டாவது மைலையும் நட என்று சுமப்பவனிடம் சொன்னவர் தலைசாய்க்க இடமில்லாத ஒருவர். சுமப்பவன் தானாகத் தருவது அது. சிப்பாய் வெட்கப்பட வேண்டிய மைல். எங்கள் அறிவிப்புப் பலகையில் அதைக் கேட்பது சிப்பாய். சிப்பாய்க்கு அந்த வாசகத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தவன் சுமப்பவனுடைய மொழியைப் பேசுகிறவன்.

அவரைச் சிலுவைக்கு அனுப்பிய ஆளுநர், பழி தனக்கில்லை என்று கூட்டத்தின் முன் கை கழுவினார். தண்ணீர் கொண்டுவந்தவன் பெயர் பதிவாகவில்லை. நான் கொண்டுபோகிற தண்ணீருக்காவது ஒரு கோப்பு எண் இருக்கிறது.

'ஸ்கேப்கோட்': பூசாரி ஆட்டின் தலையில் இரு கைகளையும் வைத்து ஊராரின் பாவங்களைச் சொல்லி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார். ஆட்டிடம் விளக்கம் கேட்டதாகக் குறிப்பில்லை. நாங்கள் நாற்பத்தெட்டு மணி நேரம் தருகிறோம். ஒன்றை மறந்திருந்தேன். அன்று இரண்டு ஆடுகள். ஒன்றைப் பலியிட்டுவிட்டு மற்றதைத்தான் ஓட்டுவார்கள்.

பிறகு திங்களன்று நான் போட்ட 'ஃபவுண்ட் வான்டிங்'. விருந்தில் இருந்த அரசனுக்காகச் சுவரில் எழுதப்பட்ட தீர்ப்பு அது. அரசனுக்கு அந்த எழுத்து விளங்கவில்லை. சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒருவன் படித்துப் பொருள் சொன்னான். உன் பரிசு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அரசனின் முகத்துக்கு நேரே சொன்னான். மொழிபெயர்ப்பாளன்.

நான் அதே வாசகத்தைத் திருப்பி, அரசனின் கையிலேயே கொடுத்து, வாடகை வீட்டில் இருக்கும் ஒரு சூப்பர்வைசர் மேல் வீசச் செய்தேன். காபியும் குடித்தேன்.

மனைவி இரண்டு முறை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 10, வெள்ளி

வெயில். பயிற்சி அறையில் விசாரணை, பதினோரு மணி. விசாரணை அதிகாரி கிருஷ்ணகிரி வழக்கறிஞர். கறாரானவர், பல் குத்திக்கொண்டே கேட்பவர். தட்டச்சர். தங்கவேல். நான்.

தங்கவேல் தமிழில் சொன்னார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ரப்பர் என்ற சொல் வந்ததும் அதிகாரி விரலை உயர்த்தினார்: எழுத்தில் உத்தரவு உண்டா? தங்கவேல் செப்டம்பர் கடிதத்தைக் காட்டினார். அதிகாரி அதை என்னிடம் நீட்டி, தொழிலாளிக்குப் புரியும்படி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இதில் பொத்தான் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள் என்றார்.

கேட்கவில்லை. "இல்லை. இருக்கக் கூடாது என்று என்னிடம் சொல்லப்பட்டது" என்றேன், ஆங்கிலத்தில்.

தட்டச்சரின் விரல்கள் நின்றன.

அதிகாரி பற்குச்சியை வைத்தார். "சார், நீங்க இன்டர்பிரட்டர். நீங்க பேசுறது எதுவும் ரெக்கார்டுல ஏறாது. உங்களுக்கு எந்த நாற்காலி வேணும், முடிவு பண்ணுங்க."

எழுந்து தங்கவேலுக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பெரிய காரியம்போல் எழுதத் தோன்றுகிறது. நான்கு அடி தூரம். முட்டி வலித்தது.

மொழிபெயர்க்க ஆளில்லை. விசாரணை திங்களுக்கு ஒத்திவைப்பு.

நவம்பர் 11, சனி

ஜி.எம். அறை. கதவைச் சாத்தச் சொன்னார். கோபப்படவில்லை, அதைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். என் ஓய்வுக்கு இன்னும் நான்கு ஆண்டு இருப்பதை நினைவூட்டினார். திங்கட்கிழமை பழைய நாற்காலியில் உட்கார்ந்தால் நேற்று நடந்தது நடக்காததாகிவிடும் என்றார்.

"யோசிச்சுப் பாருங்க சார். லெட்டர்ல கையெழுத்து என்னுது. பாஷை உங்களுது. நான் மைசூர்ல படிச்ச இன்ஜினியர், எனக்கு எங்கே வரும் அதெல்லாம்?"

உண்மை. அவர் சொன்னவற்றில் இதுவரை இது ஒன்றுதான் உண்மை.

வீட்டுக்கு: கோதுமை மாவு, பல்பு.

நவம்பர் 13, திங்கள்

பனி. மொழிபெயர்க்கக் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை அழைத்துவந்திருந்தார்கள். பயந்திருந்தாள். உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லையே என்று என்னிடம் கேட்டார் அதிகாரி. தமிழில்தான் சாட்சி சொல்வேன் என்றேன். அந்த அறையில் பத்தொன்பது ஆண்டுகளில் நான் என் பொருட்டுத் தமிழ் பேசியது இன்றுதான்.

கடிதத்தை எழுதியவர்? நான். அந்தச் சொற்றொடர்? நான் தேர்ந்தது. ஆட்கள் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று தெரியுமா? தெரியும். ஜி.எம். சொன்னதைக் கேட்ட வேறு ஆள்? இல்லை. ஜி.எம். மறுப்பதாக எழுத்தில் கொடுத்திருக்கிறார், தெரியுமா? இப்போது தெரியும்.

அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லையும் சரியாக மொழிபெயர்த்தாள். நான் திருத்தவில்லை. திருத்த ஒன்றும் இல்லை.

தங்கவேல் கடைசிவரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "டீ சாப்பிடுறீங்களா சார்?" என்றார். சாப்பிட்டோம்.

நவம்பர் 15, புதன்

குளிர். உத்தரவுகள் வந்தன.

தங்கவேல்: எச்சரிக்கைக் கடிதம் மட்டும். வேலை உண்டு. நிர்வாகத் தரப்பு அலுவலர் ஒருவருக்கே தெரிந்து நடந்திருப்பதால் தங்கவேலை மட்டும் நீக்க முடியாது என்று வழக்கறிஞர் எழுதிவிட்டாராம். வாய்மொழியாகச் சொல்லி நேற்றே இரண்டாம் ஷிப்டுக்கு வரவழைத்துவிட்டார்கள்.

நான்: இன்று மாலையோடு விடுவிப்பு. கடிதம் பெங்களூர் அலுவலகத்தில் யாரோ எழுதியது. என் பணி ஒரு 'லேபர் ஆஃப் லவ்', அன்பால் செய்த உழைப்பு, என்று கடைசி வரி. அதுவும் பவுல். இந்த ஆலையில் நான் எழுதாத முதல் கடிதம், நன்றாகவே இருந்தது.

மாதேஷ் பற்றி இரண்டு உத்தரவிலும் ஒரு வரி இல்லை.

வெளியேறும் படிவத்தில் ஏழு பிரிவுகளின் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று மணிக்குப் பிரஸ் ஷாப். நான்காம் எண்ணில் வேறு ஆள், புதியவன். வலப் பொத்தானில் ரப்பர். புது டியூபின் வெள்ளைத் தூள்கூட இன்னும் போகவில்லை.

தங்கவேல் படிவத்தை மெஷின்மேல் வைத்துக் கையெழுத்திட்டார். நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தார்.

"யாரும் போடச் சொல்லலை சார்," என்றார். "சொல்லவே வேணாம்ல."

பாக்கி: ஸ்டோர், கேன்டீன்.