கையால் சுழற்ற மறுத்தவன்

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் மூட்டுவலி தணிந்ததா? டெக்சசில் நான் நலமே.

எங்கள் பழைய போர்ப்பயிற்சி விமானத்தில் பாதிப் பங்கு கிளிஃப்டனுடையது. கடையில் வாங்கிய பதக்கங்களை மார்பில் குத்திக்கொள்ளும் மாவீரன் அவன். நேற்று மகளைப் பின்னிருக்கையில் அமர்த்திவிட்டு, முகப்பு விசிறியைக் கையால் சுழற்றிப் பாராமலே இயந்திரத்தைக் கிளப்ப முனைந்தான்.

“பட்டன் எதுக்குடா இருக்கு? என் சட்டை அழுக்காகணுமா?”

“அடி சிலிண்டர்ல எண்ணெய் தேங்கியிருந்தா, கிளப்பினதும் உள்ள இருக்கற தண்டு வளைஞ்சிரும்டா. மேல போய் ஒடியும். பின்னால உன் பொண்ணு உக்காந்திருக்கா.”

நானே சுழற்றினேன், விசிறி பாதியில் இறுகி நின்றது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியதும் எண்ணெய் அவன் காலணிமேல் கொட்டியது. மகள் வெளிறிய முகத்துடன் இறங்கினாள். அவனோ காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நீங்கள் பின்னிய கையுறையை அனுப்பிவையுங்கள். விசிறியைத் தொட்டால் கை குளிர்கிறது, கூடப் பிடித்துச் சுழற்ற இங்கே ஆளில்லை.

விரைவில் இருள்கிறது; முடிக்கிறேன்.
லீலண்ட்